செவ்வாய்க்குப் போகாத சுகன்யாதேவி

மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது என் முகமேதான். மேடைக்குப் பின்னால் ஆறடி அகலத் துணியில் சிரித்துக்கொண்டிருந்தேன். சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்த படம். தலை நிறைய மல்லிகைப்பூ. பக்கத்தில் நின்ற ஏதோ ஒரு மாமாவின் தோள்பட்டையை முழுதாக வெட்ட முடியாமல் அப்படியே விட்டிருந்தார்கள். என் காதோரமாக ஒரு ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு சிவப்புக் கோளம் ஒன்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கீழே, “செவ்வாய்க் கிரக விண்கல விஞ்ஞானி கலாநிதி சுகன்யாதேவி ராகவேந்திரன் அவர்களே, வருக வருக!” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அதில் பெயரைத் தவிர எதுவும் உண்மையில்லை. நான் கலாநிதி இல்லை, அதாவது டாக்டர் பட்டம் வாங்கவில்லை. ஜெர்மனியில் ஆஹென் நகரில் விமானப் பொறியியலில் முதுகலை முடித்ததோடு சரி. செவ்வாயை வானத்தில் எந்தப் பக்கம் தேடவேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது. ஹனோவருக்கு வெளியே ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்றால், பயணிகள் விமானத்தின் கழிப்பறை. பொத்தானை அழுத்தியதும் ஆளையே உள்ளே இழுத்துவிடுவது போல ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தத்தைக் குறைப்பதும் குழாய் அடைத்துக்கொள்ளாமல் பார்ப்பதும்தான் என் பாடு.

இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. சரி, பொய் சொல்வானேன், ஒரே ஒருவர் முன்னால் மட்டும் இருந்தது. அவர் என் அப்பா.

அப்பா ராகவேந்திரன் திருச்சி மாநகராட்சியில் பாதாளச் சாக்கடைப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் சாக்கடை பொங்கினால் எந்நேரமும் வந்து கதவைத் தட்டுகிற அதே ஆட்கள், தீபாவளிக்குப் பலகாரத்தைக் கேட்டுக்கு வெளியே நின்றே கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் ‘ட்ரெயினேஜ் சார்’. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அன்று அப்பா சொன்னார்: “நான் குனிஞ்சே வேலை பார்த்து முடிச்சாச்சு. நீ எல்லாரும் அண்ணாந்து பாக்குற மாதிரி ஒரு வேலை பாரு.” அப்படிப்பட்டவரிடம், அப்பா, விமானம் ஏறிப் போயும் நான் உங்கள் சாக்கடைக்குள்தான் விழுந்தேன் என்று எப்படிச் சொல்வது?

நான் பொய் சொல்லவில்லை. வேலையில் சேர்ந்த வாரம் அப்பா கேட்டபோது, “விமானத்துக்குள்ள ஒரு சிஸ்டம்பா, கான்ஃபிடென்ஷியல், அக்ரிமென்ட்ல கையெழுத்து வாங்கியிருக்காங்க” என்றேன். அது உண்மைதான். ஆனால் ரகசியம் என்றால் பெரிய விஷயம், பெரிய விஷயம் என்றால் ராக்கெட் என்று அப்பா தானாகவே ஏறிக்கொண்டே போனார். மூன்று மாதத்தில் செவ்வாயை அடைந்துவிட்டார். நான் திருத்தவில்லை, அவ்வளவுதான். திருத்தாததற்கும் பொய்க்கும் என்ன வித்தியாசம் என்று என்னை யாரும் கேட்காதவரை நிம்மதியாக இருந்தேன்.

இந்த நிகழ்ச்சி என் நிம்மதியில் கை வைத்தது. ஹனோவரில் சனிக்கிழமைதோறும் ஒரு தேவாலய மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அங்கே பெரிய வகுப்பு மாணவர்களுக்கு வருடம் ஒருமுறை ‘எதிர்காலத் தொழில்’ என்று ஒரு கூட்டம் வைப்பார்கள். போன வருடம் பல் வைத்தியர். இந்த வருடம் விமானத் துறையிலிருந்து நான். பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள், ஒப்புக்கொண்டேன். நான் செய்த ஒரே முட்டாள்தனம், அழைப்பிதழை அம்மாவுக்கு அனுப்பியது. அம்மா அதை அப்பாவிடம் காட்ட, அப்பா அதில் போட்டிருந்த எண்ணைக் கூப்பிட்டு நன்றி சொல்ல, மறுமுனையில் எடுத்தவர் வகுப்பின் பொறுப்பாளர் பரராசசிங்கம் அண்ணை. விழா என்றால் உயிரை விடும் இரண்டு பேர் அன்று ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள்.

“அண்ணை, நான் டாக்டர் இல்ல. இந்த செவ்வாய் எல்லாம் யார் சொன்னாங்க?” என்று பேனரைக் காட்டிக் கேட்டேன்.

“உங்கட அப்பாதான் எல்லாம் எழுதி அனுப்பினவர்,” என்றார் பெருமையாக. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, கையில் நாலு பக்கம். “நாங்கள் எப்பவும் பெற்றாரைத்தான் கேக்கிறனாங்கள் தங்கச்சி. பிள்ளையள் தங்களைப் பற்றிக் குறைச்சுத்தான் சொல்லுவினம்.”

“ஆனா நான் டாக்டரேட் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே அண்ணை.”

“ஆகத்தானே போறியள். பேனரை ஒவ்வொரு வருசமும் அடிக்கேலாது.”

இமெல்டா அக்கா வந்து என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார். அவர்தான் பெரிய வகுப்புக்கு ஆசிரியை, அன்றைக்கு நிகழ்ச்சித் தொகுப்பாளரும் அவரே. கைபேசியை ஒரு மூன்றுகால் தாங்கியில் மாட்டி என் பக்கம் திருப்பினார்.

“நேரலை போகுது. உங்கட அப்பா அரை மணித்தியாலமா வந்து இருக்கிறார்,” என்றார்.

எட்டிப் பார்த்தேன். திரையின் ஓரத்தில் அப்பாவின் கருத்துகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. ‘அனைவருக்கும் வணக்கம்.’ ‘எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கம் சார்பில் வாழ்த்துகள்.’ ‘இங்கே டிவியில் பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.’ அந்தப் பதினான்கு பேரில் கேட்டுக்கு வெளியே நின்று பலகாரம் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று என்னால் ஊகிக்க முடிந்தது.

விழா முறைப்படி தொடங்கியது. விளக்கேற்றினோம். போரில் இறந்தவர்களுக்காக எழுந்து நின்று அகவணக்கம் செலுத்தினோம். சின்னப் பிள்ளைகள் வரவேற்பு நடனம் ஆடினார்கள். பாட்டு பாதியில் நின்றதால் முதலிலிருந்து மறுபடி ஆடினார்கள். தலைமையுரை, வாழ்த்துரை, ஆசியுரை. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை போர்த்தியவருக்கும் ஒன்று போர்த்தினார்கள். பிறகு பரராசசிங்கம் அண்ணை நாலு பக்கத்தையும் விரித்து என்னை அறிமுகம் செய்தார். ஏழு வயதில் நான் நிலாவைப் பார்த்து அழுதேனாம், தொட வேண்டும் என்று. எனக்கே அது புதுச் செய்தி. மனிதன் செவ்வாயில் இறங்கும் நாளில் அந்த விண்கலத்தின் முக்கியமான ஒரு பகுதியில் திருச்சி மண்ணின் கை இருக்கும் என்று அவர் முடித்தபோது, திரையில் பதினான்கு கைதட்டல் படங்கள் வந்து விழுந்தன.

முப்பது மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பதினான்கு, பதினைந்து வயது. அதில் இருபத்தைந்து பேர் மேசைக்கடியில் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். மற்ற ஐந்து பேரும் என்னை ஒரு மாதிரி பாவமாகப் பார்த்தார்கள். நான் எழுந்து, கவனமாகத் தயாரித்துக் கொண்டுபோயிருந்த படங்களைக் காட்டினேன். மேகம், இறக்கை, மறுபடி மேகம். ‘விமானத்தின் உட்புற அமைப்புகள்’ என்று ஒரு தலைப்பு வைத்து, எந்த அமைப்பு என்று சொல்லாமலே ஆறு நிமிடம் ஓட்டினேன். இப்படியே இன்னும் நாலு நிமிடம் ஓட்டிவிட்டால் தப்பித்துவிடலாம்.

அப்போது இரண்டாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. இமெல்டா அக்காவின் மகள் யூலியா. பதினைந்து வயது, ஒரு காதில் மட்டும் மூன்று தோடு.

“ஒரு கேள்வி கேக்கலாமோ? நீங்கள் காலமை எட்டு மணிக்கு வேலைக்குப் போய் என்ன செய்யிறனீங்கள்? உண்மையா.”

அந்த ‘உண்மையா’வில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. ஜெர்மனியில் வளர்ந்த பிள்ளை. தெரிய வேண்டியதைக் கேட்டது. நான், “அது பெரிய ப்ராஜெக்ட்மா, நிறைய கால்குலேஷன்...” என்று இழுத்தேன்.

“பள்ளிக்கூடத்தில எல்லாருக்கும் ரெண்டு கிழமை பிராக்டிகும் தேடச் சொல்லியிருக்கினம். ஏதாவது ஒரு வேலையிடத்தில போய் நிண்டு பழகவேணும். வாற வெள்ளிக்குள்ள இடம் சொல்லவேணும்,” என்றாள். “எனக்குப் பிளேன் எண்டால் விருப்பம். ஆனால் கணக்கில மூண்டு. செவ்வாய்க்கு ரொக்கெட் விடுற இடத்தில மூண்டு எடுத்த ஆளை உள்ளுக்கே விடமாட்டினம். என்ன? அப்ப நான் சலூனுக்கே எழுதிப்போடட்டோ?”

இந்த ஊரில் ஒன்றுதான் உச்ச மதிப்பெண், ஆறு கடைசி. மூன்று என்றால் பரவாயில்லை ரகம்.

“யூலியா, பேசாமல் இரு. விருந்தினரிட்ட கேக்கிற கேள்வியோ இது?” என்றார் இமெல்டா அக்கா.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பள்ளி மாணவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு இடம் ஒதுக்கியிருக்கிறோம். போன வருடம் ஒரு விண்ணப்பமும் வரவில்லை. முந்தின வருடம் ஒருவன் வந்து, என்ன வேலை என்று கேட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிப் போனவன், திரும்பி வரவே இல்லை. கணக்கில் மூன்று எடுத்த, பிளேன் பிடிக்கிற ஒரு பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அதை நான் சொல்லவேண்டுமானால் என்ன இடம் என்றும் சொல்லியாக வேண்டும். சொன்னால் திருச்சியில் டிவி முன்னால் பதினான்கு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் முகம் என்னாகும்?

கைபேசியைப் பார்த்தேன். ‘நல்ல கேள்வி. பதில் சொல் மகளே’ என்று அப்பா எழுதியிருந்தார்.

“யூலியா,” என்றேன். “நான் ராக்கெட் பண்றதில்ல. செவ்வாய்க்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல. நான் டாக்டரும் இல்ல. நான் வேலை பாக்குறது பிளேன்ல இருக்குற டாய்லெட்ல.”

மேசைக்கடியில் இருந்த இருபத்தைந்து தலைகளும் மேலே வந்தன. பரராசசிங்கம் அண்ணை தன் நாலு பக்கத்தில் எந்த வரியைத் தவறவிட்டோம் என்று தேட ஆரம்பித்தார்.

“காலைல எட்டு மணிக்குப் போய் மாவு பிசைவேன்,” என்றேன். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது. “சோயா மாவும் அரிசியும். கொழுக்கட்டைப் பதம். அதைச் சின்னதும் பெருசுமா உருட்டி டாய்லெட்டுக்குள்ள போட்டு, பட்டனை அழுத்தி, குழாய்ல எவ்வளவு வேகமா போகுது, எங்க சிக்குதுன்னு கேமரா வச்சுப் பாப்போம். ஒரு நாளைக்கு எண்பது தடவை. உருண்டை எதுக்கு பதிலா போடறோம்னு நான் சொல்ல வேண்டாமே.”

முதலில் ஒரு பையன் சிரித்தான். பிறகு மண்டபமே சிரித்தது. சிரித்து முடிந்ததும் கைகள் உயர ஆரம்பித்தன. உட்கார்ந்துகொண்டே அமுக்கினால் ஆள் ஒட்டிக்கொள்வார்களா? நீளக் காற்சட்டை உள்ளே போய்விட்டால்? இதுவரை குழாயில் கிடைத்ததிலேயே பெரிய சாமான் எது? சிரிப்பு அடங்கியபோது கேள்விகளும் மாறின. இதற்குப் போய் ஏன் இரண்டு வருடம் ஆகிறது, தண்ணீர் ஊற்றினால் போகாதா என்று ஒருத்தி கேட்டாள். தண்ணீர் என்றால் பாரம், பாரம் என்றால் எரிபொருள், ஒரு டம்ளர் தண்ணீரில் முடிப்பதுதான் வித்தை என்று சொன்னேன். கழிப்பறைகள் அடைத்துக்கொண்டதால் பாதி வழியில் திரும்பி வந்த விமானங்கள் உண்டு என்றபோது யாருமே சிரிக்கவில்லை. 

“உங்களோட வேலை செய்யிற எல்லாரும் எஞ்சினியரோ?” என்று கேட்டாள் யூலியா.

இல்லை. எங்கள் கூடத்தில் குழாயை ஒட்டுகிற பெண் பத்தாவது முடித்துவிட்டு, மூன்றரை வருடம் ஆவுஸ்பில்டுங் செய்து, வேலையிடத்திலேயே தொழில் பழகி வந்தவள். அவள் ஒட்டிய இணைப்பு மட்டும்தான் இதுவரை கசிந்ததில்லை. சத்தத்தை அளக்கிறவர் முன்பு ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர். குழாயின் உள்பக்கம் எதுவும் ஒட்டாமல் வழுக்கப் பூச்சு கண்டுபிடிப்பவர் வேதியியல்காரர். நாள் முழுக்க விமானச் சட்டதிட்டங்களை வாசித்து எங்களைத் திட்டுவதற்கென்றே ஒரு ஆள் இருக்கிறார், அவர் படித்தது சட்டம். விமானம் என்பது ஒரு பெரிய கல்யாண வீடு மாதிரி, ஆளுக்கு ஒரு வேலை இருக்கிறது என்றேன்.

பரராசசிங்கம் அண்ணை எழுந்தார். நன்றியுரை சொல்லி என்னை மேடையிலிருந்து இறக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“எனக்கும் ஒரு சந்தேகம் தங்கச்சி,” என்றார். “எண்பத்தைஞ்சில பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில வந்து இறங்கின நாள் தொடக்கம் இருக்கிற சந்தேகம். அது மேலயிருந்து அப்பிடியே வெளியில விழுறேல்லையோ?”

“விழாது அண்ணை. எல்லாம் ஒரு தொட்டியில சேரும். பிளேன் இறங்கினதும் லாரி வந்து எடுத்துட்டுப் போயிடும்.”

“அப்ப சரி,” என்றார். நாற்பது வருடமாக வானத்தில் விமானம் போனால் மனிதர் கூரைக்கடியில் ஒதுங்கியிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. மண்டபத்தில் இடி மாதிரி சிரிப்பு.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது நான் கைபேசியைப் பார்த்தேன். அப்பாவின் கடைசிக் கருத்து ‘பதில் சொல் மகளே’தான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

நன்றியுரை முடிந்து ரோல்ஸும் தேநீரும் கொடுத்தார்கள். யூலியா வந்து ஆய்வுக்கூடத்தின் முகவரியை எழுதி வாங்கிக்கொண்டாள். “திங்கக்கிழமையே எழுதிப்போடுறன். மாவு பிசைய எனக்கு வடிவாத் தெரியும்,” என்றாள். இமெல்டா அக்கா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். “வீட்டில ஒரு நாள் பிசைஞ்சு நான் காணேல்லை,” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் ரோல்ஸைத் தட்டோடு வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தேன். இரண்டு முறை அப்பாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மூன்றாம் முறை அவரே கூப்பிட்டார். மண்டபத்துச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

“முடிஞ்சுதா ஃபங்ஷன்?” என்றார்.

“முடிஞ்சுதுப்பா.”

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.” “வந்தவங்க எல்லாம் போயிட்டாங்களாப்பா?”

“யாரும் போகல. இங்கதான் உக்காந்திருக்காங்க. நான்தான் நடுவுல எழுந்து பால்கனிக்குப் போயிட்டேன்.”

“சாரிப்பா.”

“எதுக்கு சாரி? அந்த வேலை பாக்குறதுக்கா, எங்கிட்ட சொல்லாததுக்கா?”

“சொல்லாததுக்கு.”

“ரெண்டு வருஷம்மா. நான் காய்கறிக் கடைக்காரன்கிட்டகூட செவ்வாய் செவ்வாய்னு சொல்லிட்டு அலைஞ்சிருக்கேன். நீ போன்ல கேட்டுட்டே இருந்திருக்க.”

அழுகை வந்தது, அழுதேன். அப்பா அது தீரும்வரை காத்திருந்தார்.

“பால்கனியில நின்னப்போ, நான் பட்டதையெல்லாம் இந்தப் பொண்ணும் படணுமான்னுதான் நெனச்சேன்,” என்றார். “அப்போ உள்ள பெரிய சிரிப்புச் சத்தம். நம்மளப் பாத்துத்தான் சிரிக்கறாங்கன்னு வந்து எட்டிப் பாத்தேன். டிவியில அந்தப் பசங்க கையத் தூக்கிட்டு நிக்கறாங்க. உன்னைக் கேள்வி மேல கேள்வி கேக்கறாங்க. முப்பத்தோரு வருஷம் சர்வீஸ் பண்ணேன் சுகன்யா. எப்ப சரியாகும்னு கேட்டவங்க ஆயிரம் பேர். அது எப்படி சார் வேலை செய்யுதுன்னு எங்கிட்ட ஒரு ஆள் கேட்டதில்ல.”

நான் மூக்கை உறிஞ்சினேன்.

“சரி, அத விடு. எனக்கு ஒண்ணு புரியல,” என்றார். குரல் மாறியிருந்தது. “பைப்புன்னா சரிவு வேணும். சரிவு இல்லன்னா தண்ணியே நகராது. பிளேன்ல பைப்பு படுத்துக் கெடக்குமே, சில இடத்துல மேல வேற ஏறுமே. அது எப்படி போகுது?”

“வெளிய காத்தழுத்தம் கம்மி, உள்ள ஜாஸ்திப்பா. வால்வைத் திறந்தா கேபின் காத்தே தள்ளிக்கிட்டுப் போயிடும். சரிவு தேவையே இல்ல.”

“சரிவே வேண்டாமா?” அப்பா அப்படியே நின்றுவிட்டார் என்று தெரிந்தது. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு அவர் போனை வாயிலிருந்து விலக்கி, வீட்டிலிருந்த பதினான்கு பேரிடமும் சத்தமாகச் சொன்னார்:

“எல்லாரும் கேட்டுக்கோங்க. நான் ட்ரெயினேஜ் டிபார்ட்மென்ட். என் பொண்ணும் அதே டிபார்ட்மென்ட்தான், போஸ்டிங் மட்டும் முப்பத்தஞ்சாயிரம் அடி உசரத்துல.” திரும்ப என்னிடம் வந்து, “ஸ்பீக்கர்ல போடறேன். முதல்லேருந்து சொல்லு,” என்றார்.